சபாநாயகர் எதையும் மூடவில்லை

புதன்கிழமை வந்தால் எதிர்க்கட்சித் தலைவர் அலுவலகத்தில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்காது. உச்சிப்பொழுதில் தலைவர் ஹியூ வேரிங் பிரிட்டிஷ் நாடாளுமன்ற அவையில் எழுந்து நின்று பிரதமரை ஆறு கேள்வி கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத் தோற்றுத் திரும்ப வேண்டும். தோற்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லைதான். ஆனாலும் அவர் தலைவரான நாளிலிருந்து ஒரு புதன்கூட அது தவறியதில்லை.

அவர் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால்கூட ஜனங்களுக்குப் பிடித்திருக்கும். வக்கீலாக இருந்து வந்தவர். ஒரு கேள்விக்குள் மூன்று கேள்வியைச் சுருட்டி வைப்பார். பிரதமர் அவற்றில் எது இளைத்ததோ அதை மட்டும் பிடித்து ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கும் இவர் எழுந்து, "மாண்புமிகு பிரதமரின் பதிலுக்கு நன்றி" என்பார். பதிலே சொல்லாத ஆளுக்கு நன்றி! ‘நன்றி வேரிங்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. இவர் பேசும்போது பின்வரிசையில் சொந்தக் கட்சிக்காரர்கள் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருப்பது டிவியில் தெரிந்தது. மூன்று தலைமுறையாகக் கையில் இருந்த தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. கட்சி மூன்றாவதாக வந்தது. ஜெயித்தவன் நேற்று முளைத்த கட்சிக்காரன், டிவியில் கத்துவதைத் தவிர வேறு தொழில் தெரியாதவன்.

ஜெம்மா ராஸ்ட்ரிக் அந்த அலுவலகத்தில் கேள்வி எழுதுகிறவர்களில் ஒருத்தி. சொந்த ஊர் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் வார்ஸ்பி. இரும்பாலை இருந்த காலத்தில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு கழுவியவள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் ஜெம்மாதான். லண்டனில் அவள் பட்டத்தை யாரும் மதிக்கவில்லை, அங்கே கதவு திறந்துவிடுகிறவனிடம்கூட ஒரு பட்டம் இருக்கும். மதித்தது அவள் ஊர்ப் பேச்சை. "உன் பேச்சுல ஒரு நிஜம் இருக்கு செல்லம்," என்பாள் அலுவலகத்தை நடத்தும் இமோஜன். ஊரில் அந்தப் பேச்சைப் பேசுகிற நாற்பதாயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களை ஏன் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று கேட்க ஜெம்மாவுக்கு நாக்கு துறுதுறுக்கும்.

அவள் ஒரே ஒரு கேள்விக்காகத்தான் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வார்ஸ்பி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டைத் ‘தற்காலிகமாக’ மூடியிருந்தார்கள். பிரசவ வலி எடுத்தால் மலைச்சாலையைச் சுற்றிக்கொண்டு அடுத்த மாவட்டத்துக்குப் போக வேண்டும். பனிக்காலத்தில் ஜெம்மாவின் அக்கா கெல்லியை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. ஆம்புலன்சுக்குள்ளேயே பிறந்து, ஆம்புலன்சுக்குள்ளேயே போய்விட்டது குழந்தை. பெண். எல்சி என்று முன்பே பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த வார்டை ஒரேயடியாக மூடுவதா, திறப்பதா என்ற முடிவு சுகாதார அமைச்சரின் மேசையில் இருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ கையெழுத்தாகிவிடும் என்று பேச்சு. இதே பிரதமர் தேர்தலுக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "நான் இருக்கும்வரை இங்கே பூட்டு தொங்காது" என்று கேமராவுக்கு முன் சொன்னவர். நாடே பார்க்கிற அந்த அரை மணி நேரத்தில் யாராவது இதைப் பிரதமரின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டால் கையெழுத்துப் போடுகிறவனின் கை ஒரு நிமிஷமாவது நடுங்கும். ஜெம்மாவின் கணக்கு அவ்வளவுதான். தப்புக் கணக்கும் இல்லை. அப்படிக் கேட்டுக் காப்பாற்றிய பாலங்கள், பள்ளிகள் எல்லாம் உண்டு.

ஒவ்வொரு வாரமும் எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு வாரமும் வேறு ஏதாவது வந்து அதைத் தள்ளியது. ஒரு வாரம் ராணுவம், ஒரு வாரம் விவசாயிகள், ஒரு வாரம் ஏதோ மந்திரியின் மச்சான். இடைத்தேர்தலில் அடி வாங்கிய பிறகுதான் இமோஜன் அந்தக் கேள்விகளைக் கையில் எடுத்தாள். "ஹியூவுக்குக் கோபம் வரும்னு நாட்டுக்குக் காட்டணும். இதுல கோபம் இருக்கு" என்றாள். சரி, எந்தக் காரணத்துக்காகவாவது.

எல்சியின் கதையை அவையில் சொல்லலாமா என்று ஊருக்குப் போன் போட்டு அக்காவிடம் கேட்டாள்.

"வேணாம்டி. அவங்க வாய்ல என் புள்ளய எதுக்குப் போடணும்?" என்றாள் கெல்லி.

"இவரு அப்படி இல்ல கெல். நல்ல மனுசன்."

"நல்ல மனுசனா? டிவில பாத்தா மழைல நனைஞ்ச ஆட்டுக்குட்டி மாதிரி இருக்காரு. நான் வேலை செய்ற பேக்கரில அவர வெச்சுத்தான் ஒரே கிண்டல். கல்லாவுல சில்லறை குடுத்தாக்கூட ‘பதிலுக்கு நன்றி’ங்கிறானுங்க."

"வார்டு போயிடும் கெல். அடுத்து யாரோ ஒருத்தி அந்த ரோட்டுல போவா."

கெல்லி சொன்னாள். "அப்ப ஒண்ணு. ‘ஒரு குழந்தை’, ‘ஒரு சம்பவம்’ இப்படி எதுவும் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரிக்காரங்க அப்படித்தான் சொன்னாங்க. அவளுக்குப் பேரு இருக்கு. அந்தப் பேரச் சொல்லணும். நான் வந்து உக்காந்து கேப்பேன்."

"சொல்லுவாரு. நான் பாத்துக்கிறேன்."

நான் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை லேசாக வந்துவிடுகிறது அந்த வார்த்தை.

புதன் காலை ஒத்திகை நடந்தது. இமோஜன்தான் வழக்கம்போலப் பிரதமர். கால்மேல் கால் போட்டுச் சோபாவில் சாய்ந்து, அந்த ஆளின் இளிப்பையும் முகத்தில் கொண்டுவந்திருந்தாள். ஹியூ எழுந்து நின்று படித்தார். ஜெம்மா எழுதியது வரிக்கு வரி வந்தது. உயிர் மட்டும் வரவில்லை. பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற குரல்.

"கொஞ்சம் சூடா, ஹியூ," என்றாள் இமோஜன்.

"சூடாத்தானே சொன்னேன்?"

ஜெம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"இது சூடா? எங்கம்மா ரொட்டி கருகிடுச்சுன்னு சொல்றதுலயே இதவிடச் சூடு இருக்கும். அந்தாளு உங்க முன்னால உக்காந்திருக்கான். காகிதத்தப் பாக்காதீங்க, அவனப் பாருங்க." அவள் இமோஜன் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். "நீங்க வந்தீங்க. நீங்க எங்க ஊரு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னீங்க. நீங்க வாக்குக் குடுத்தீங்க. நீங்கதான் அந்த வார்ட மூடினீங்க. அவ பேரு எல்சி. இப்ப அவ அம்மா முகத்தப் பாத்துச் சொல்லுங்க, திறப்பீங்களா மாட்டீங்களா?"

இமோஜன் காலை இறக்கி நேராக உட்கார்ந்திருந்தாள். மூலையில் யாரோ கைதட்டினார்கள். ஹியூவின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"இதுதான்," என்றார் அவர். "இத அப்படியே சொல்றேன் ஜெம்மா. அப்படியே."

திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை அவர் குரல் உடைந்தது. கழுத்து சிவந்தது. பெரிய படிப்பும் அவையடக்கமும் கழன்று விழுந்து, உள்ளேயிருந்து ஒரு மனிதன் எட்டிப் பார்த்தான். ஜெம்மாவுக்கு அழுகை வந்தது. இந்த நாசமாய்ப் போன ஊரில் ஒரு நல்லது நடக்கப்போகிறது என்று அவள் நம்பினாள். அந்த அறையில் வருஷக்கணக்கில் அரசியல் செய்த ஒன்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் ஒருத்தருக்கும் காது கேட்கவில்லை.

கெல்லி முதல் ரயிலிலேயே வந்திருந்தாள். வேலைக்கான நேர்முகத்துக்குப் போகும்போது போடுகிற கறுப்புக் கோட்டு. பையைச் சோதித்தார்கள், போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பார்வையாளர் மாடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கீழே பச்சைத் தோல் பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. இடம் கிடைக்காதவர்கள் படிக்கட்டில் குந்தியிருந்தார்கள். கண்ணாடி சத்தத்தை விடாது. தலைக்கு மேல் இருந்த ஒலிபெருக்கி வழியாகத்தான் எல்லாம் வந்தது.

"டிவில பெருசா தெரியுது. இவ்ளோதானா?" என்றாள் கெல்லி. "எங்க ஊரு சீட்டாட்ட மன்றம் இதவிடப் பெருசு."

"மெதுவா பேசு."

"அவங்களே இந்தக் கத்து கத்துறாங்க. நான் பேசினாத்தான் தப்பாக்கும்."

ஹியூ எழுந்ததும் எதிர்வரிசையிலிருந்து "நன்றி! நன்றி!" என்று கூச்சல் போட்டார்கள். அவர் நன்றி சொல்லவில்லை. அதற்கே ஒரு சின்ன அமைதி விழுந்தது. வார்ஸ்பி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது நினைவிருக்கிறதா என்று கேட்டார். பிரதமர் நாடெங்கும் எத்தனை ஆஸ்பத்திரி கட்டுகிறோம் என்று ஒப்பித்தார். மலைச்சாலையில் எப்போதாவது போயிருக்கிறாரா என்று கேட்டார். பிரதமர் முந்தைய அரசு கஜானாவில் விட்டுப்போன குழியைப் பற்றிப் பேசினார். வழக்கமான நாடகம்தான். ஆனால் இந்தத் தடவை இவர் காகிதத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவதாக எழுந்தார். "அந்தச் சாலையில் தன் மகளைப் பறிகொடுத்த தாய் இன்று இந்த மாடத்தில் அமர்ந்திருக்கிறார்" என்றார்.

அவை அடங்கியது. நிஜமாகவே அடங்கியது. சொந்தக் கட்சிக்காரர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். பெஞ்சு பெஞ்சாக முகங்கள் மேலே திரும்பின. கெல்லி ஜெம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிரதமர் கையிலிருந்த ஃபைலை மூடினார். அவர் முகத்தில் இளிப்பு இல்லை. அந்த ஆளுக்கு வேர்த்தது, ஜெம்மா பார்த்தாள்.

ஹியூ முன்னால் மேசைமேல் இருந்த மரப்பெட்டியில் கையூன்றி முன்னால் சாய்ந்தார். கழுத்து சிவந்தது.

"நீங்கள் வந்தீர்கள். நீங்கள் அந்த வாசலில் நின்றீர்கள். நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். நீங்கள்தான் அந்த வார்டை மூடினீர்கள்—"

அந்த அவையில் ‘நீங்கள்’ என்ற சொல் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொந்தம். யார் பேசினாலும் சபாநாயகரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். மற்ற எல்லாரும் ‘மாண்புமிகு பிரதமர் அவர்கள்’, ‘மாண்புமிகு உறுப்பினர் அவர்கள்’. எதிரே இருப்பவனின் கண்ணைப் பார்த்து நீ, நீங்கள் என்று சொல்ல அங்கே எவனுக்கும் உரிமை கிடையாது. ‘நீங்கள்’ என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற சபாநாயகர். புதிதாக வந்த உறுப்பினர்கள் முதல் வாரத்தில் செய்து, குட்டு வாங்கித் திருத்திக்கொள்கிற தப்பு அது.

சபாநாயகர் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவை இறுகிக் கிடக்கும்போது ஒரு தமாஷைப் போட்டுத் தளர்த்திவிடுவதில் அவருக்கு ஒரு பெருமை. அவ்வளவுதான்.

"ஒழுங்கு, ஒழுங்கு. நான் எந்த வார்டையும் மூடவில்லை, மாண்புமிகு உறுப்பினரே. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை."

வெடித்தது. அந்த மண்டபமே ஒரு வயிறாகிக் குலுங்கியது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்கு கிடைத்ததும் அதில் போய் விழுந்தார்கள். சொந்தக் கட்சிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார்கள். பிரதமர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். உயிர் பிழைத்தவனின் சிரிப்பு அது.

ஹியூவும் சிரித்தார்.

ஜெம்மா அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சபாநாயகரைப் பார்த்துத் தலையைக் குனிந்து, கையை விரித்து, ‘மாட்டிக்கொண்டேன் பாருங்கள்’ என்பதுபோல ஒரு சிரிப்பு. அழகான, நல்ல வளர்ப்புள்ள சிரிப்பு. பிறகு தொடர வேண்டுமே என்று திரும்பினார். ஒப்பித்தது அப்படியே தொண்டையில் நின்றிருந்தது போலும். சிரிப்பு இன்னும் உதட்டில் ஒட்டியிருக்க, கூச்சல் இன்னும் அடங்காமலிருக்க, சொல்லிவிட்டார்.

"அந்தக் குழந்தையின் பெயர் எல்சி."

கெல்லியின் கை மணிக்கட்டிலிருந்து கழன்றது.

பிரதமர் எழுந்தார். "அந்தத் தாய்க்கு என் ஆழ்ந்த அனுதாபம்" என்றார், குரலைத் தாழ்த்தி. ஒரு நொடி நிறுத்தினார். "இவ்வளவு முக்கியமான விஷயத்தை யாரிடம் கேட்பது என்றுகூட எதிர்க்கட்சித் தலைவருக்குத் தெரியவில்லையே என்பதுதான் வருத்தம்." மறுபடி சிரிப்பு. மிச்சமிருந்த மூன்று கேள்வியையும் ஹியூ காகிதத்தைப் பார்த்துப் படித்தார். கடைசியில் நன்றிகூடச் சொன்னார்.

மாடத்துப் படிக்கட்டில் இறங்கும்போது கெல்லி கேட்டாள். "அவ பேருக்கா சிரிச்சாங்க?"

"இல்ல. இல்ல கெல். அங்க ஒரு சட்டம். ‘நீங்க’ன்னு சொல்லக் கூடாது. சொன்னா அது சபாநாயகரச் சொன்ன மாதிரி."

"என்னடி உளர்ற?"

ஜெம்மா இன்னொரு தடவை விளக்கினாள். கல்லூரியில் படித்ததை, ஒத்திகை அறையில் எல்லாரும் மறந்ததை. தன் வாயாலேயே அதை அவருக்கு ஊட்டி விட்டதைச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. அந்த நான்கு ‘நீங்க’ளும் அவளுடையவை. வார்ஸ்பியில் ஒருவனைப் பார்த்துக் கேட்பதென்றால் வேறு எப்படிக் கேட்பார்கள்?

"அப்ப அந்தாள நேரா யாருமே எதுவும் கேக்க முடியாது," என்றாள் கெல்லி.

"கேக்கலாம். சுத்தி வளைச்சுக் கேக்கணும்."

"நல்ல ஏற்பாடு."

ஹியூ அவர்களைத் தன் அறைக்கு அழைத்தார். டீ வந்தது, தட்டில் பிஸ்கட் வந்தது. கெல்லி இரண்டையும் தொடவில்லை. அவர் நாற்காலியில் உட்காராமல் அவள் எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும் கெல்லி. அது ஒரு மரபு. அந்த நிமிஷத்துல எனக்கு..."

"வாய் தவறினது பரவால்ல. எனக்கும் தவறும். நீங்க ஏன் சிரிச்சீங்க?"

இமோஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஹியூ கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியல. சின்ன வயசுல ஹாஸ்டல்ல விட்டாங்க. நம்மளப் பாத்து நாலு பேரு சிரிச்சா, நாமும் சேந்து சிரிச்சிடணும். அப்பத்தான் விடுவானுங்க. அது... தானா வந்துடுது."

"உங்கள விட்டுட்டானுங்களா?" என்று கேட்டாள் கெல்லி.

கெல்லி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் ஜெம்மாவுக்குக் கிலியாக இருந்தது. கெல்லி தட்டை எறிகிற ரகம்.

ரயில் நிலையத்தில் அக்காவை ஏற்றிவிட்டு ஜெம்மா திரும்பினாள். அதற்குள் அந்த வீடியோ நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. சபாநாயகர் படத்தைப் போட்டு, ‘நான் எதையும் மூடவில்லை’ என்று கீழே எழுதி, மூடிய மதுக்கடை, மூடிய நூலகம், மூடிய நீச்சல்குளம் என்று ஆளாளுக்கு ஒட்டியிருந்தார்கள். நாட்டில் மூடிக் கிடப்பவற்றுக்கா பஞ்சம்? அலுவலகத்தில் துக்கம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தாள். இல்லை. ஒரு மாதிரி ஆசுவாசம்தான் இருந்தது.

"அவ்ளோ மோசமில்ல," என்றாள் இமோஜன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "‘வேரிங்குக்கும் சிரிக்கத் தெரிகிறது’ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. ‘பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்’னு இன்னொருத்தர். மனுசத்தனம் தெரியுதாம். முதல் தடவையா ஜனங்களுக்கு அவரப் பிடிச்சிருக்கு செல்லம்."

ஜெம்மாவுக்கு அந்தப் போனைப் பிடுங்கி ஜன்னல் வழியே தேம்ஸில் எறிய வேண்டும் போலிருந்தது. எறிந்தால் இன்னொரு போன் வரும்.

மாலை மங்குவதற்குள் சுகாதார அமைச்சகத்திலிருந்து அறிக்கை வந்தது. அவையில் யாரும் எழுந்து வாசிக்கத் தேவையில்லாத, தாளில் மட்டும் வெளியிடுகிற ரகம். வார்ஸ்பி பிரசவ வார்டு நிரந்தரமாக மூடப்படுகிறது. பாதுகாப்பு கருதி. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிற நாளாகப் பார்த்து வெளியிட்டிருந்தார்கள். இந்த ஆட்களுக்கு இதில் மட்டும் மூளை அபாரமாக வேலை செய்யும்.

அதை எடுத்துக்கொண்டு நேராக ஹியூவின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"அடுத்த புதன்," என்றாள். "ஆறு கேள்வியும் இதுதான். ஒழுங்கா, அவங்க பாஷையில, மாண்புமிகு மண்ணாங்கட்டின்னு எழுதித் தர்றேன். அவங்க வாக்குத் தவறினது இப்ப பட்டவர்த்தனமா இருக்கு. விடக் கூடாது."

ஹியூ தாளைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "கொடுமை," என்றார். "ரொம்பக் கொடுமை."

"அப்ப கேப்பீங்கல்ல?"

அவர் இமோஜனைப் பார்த்தார். இமோஜன் பெருமூச்சு விட்டாள்.

"யோசிச்சுப் பாரு ஜெம்மா. இவரு எழுந்து ‘வார்ஸ்பி’ன்னு வாயத் திறந்தாலே எதிர்ல இருக்கிற அத்தன பேரும் ‘நான் மூடல, நான் மூடல’ன்னு கத்துவானுங்க. இனிமே ஒரு வருஷத்துக்கு அந்த ஊரு பேரச் சொன்னாலே சிரிப்புதான். உங்க அக்காவுக்கே அது நல்லதில்ல."

"எங்க அக்காவுக்கு எது நல்லதுன்னு நீங்க சொல்ல வேணாம்."

"நான் சொல்றது..."

"ஹியூ." ஜெம்மா அவரை மட்டும் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. சிரிச்சா சிரிக்கட்டுமே. சிரிக்கச் சிரிக்க ஆறு தடவ கேளுங்க. இந்தத் தடவ நீங்க சிரிக்காதீங்க. அவ்ளோதான் நான் கேக்கிறது."

அவருக்கு அது புரிந்தது. புரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த மனிதனிடம் இருந்த தீராத வியாதி அதுதான். எல்லாம் புரியும். அவர் தாளை மேசையில் வைத்து, ஓரத்தை நேராக்கினார்.

"இமோஜன் சொல்றதுல நியாயம் இருக்கு ஜெம்மா. கொஞ்சம் ஆறட்டும். கோடை விடுமுறைக்கு அப்புறம் பாக்கலாம். இத நான் மறக்க மாட்டேன்."

"அதுக்குள்ள கட்டில எல்லாம் கழட்டிட்டுப் போயிடுவாங்க."

"நீ இன்னைக்குப் பண்ணினதுக்கு நன்றி," என்றார் அவர். நிஜமாகவே சொன்னார்.

ஜெம்மா வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றாள். ராஜினாமாவை அங்கேயே எழுதியிருக்கலாம். எழுதினால் நாளைக்கு அந்த நாற்காலியில் வேறொரு பிள்ளை உட்காரும், நல்ல பள்ளியில் படித்தது, ‘நீங்கள்’ என்று எழுதித் தராது. அக்காவைக் கூப்பிட்டாள். ரயில் எங்கோ நடுவழியில் போய்க்கொண்டிருந்தது. குரல் விட்டு விட்டு வந்தது.

"மூடிட்டாங்க கெல். நிரந்தரமா."

"ம். பக்கத்து வீட்டுக்காரி மெசேஜ் போட்டா." ரயில் தடதடத்தது. "அடுத்த வாரம் கேப்பாராமா உங்காளு?"

கேட்பார் என்று சொல்லிவிடலாம். இந்தக் கட்டடத்தில் எல்லாரும் அப்படித்தான் பிழைக்கிறார்கள்.

"மாட்டாரு."

"ஏன்?"

"சிரிப்பாங்களாம்."

கெல்லியின் பக்கத்திலிருந்து வேறொரு சத்தம் வந்தது. மெல்லியதாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல. ‘ஒழுங்கு, ஒழுங்கு. நான் எந்த வார்டையும்...’ பிறகு அந்த வெடிச் சிரிப்பு. அதன் மேலேயே நாலைந்து பேருடைய நிஜச் சிரிப்பு, பக்கத்து இருக்கைகளிலிருந்து.

"பின்னால நாலு பசங்க," என்றாள் கெல்லி. "ஏறினதுலேர்ந்து அதையே போட்டுப் போட்டுப் பாக்குறானுங்க."

"வேற பெட்டிக்குப் போ கெல். எழுந்து போ. இல்லாட்டி அவனுங்ககிட்டக் குடு போனை, நான் பேசறேன்."

"என்னன்னு பேசுவ? விடு. அதுங்களுக்கு என்ன தெரியும்." மறுபடி அதே சத்தம், அதே சிரிப்பு, சட்டென்று நின்றது. கெல்லி அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள். "எல்லா வீடியோவுலயும் உங்காளு சிரிக்கிறதோட வெட்டிட்டாங்க ஜெம். அவ பேரு வரல."

"கெல்..."

"நல்லவேளை," என்றாள் கெல்லி. "நல்லவேளைடி, பேரு வரல."

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இணைப்பு அறுந்துவிட்டது. தாழ்வாரத்தின் கோடியிலிருந்து இமோஜன் தலையை நீட்டி, அடுத்த புதனுக்கு விவசாய வரி பற்றிக் கேள்வி வேண்டும், காலைக்குள் அனுப்ப முடியுமா செல்லம் என்று கேட்டாள். ஜெம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அதில் ஒன்றும் கேட்கவில்லை.